முன்னுதாரணம் ஆகாத கடிதம்

என் மேசை இழுப்பறையில் பழைய கார்பன் நகல் ஒன்று இருக்கிறது. நீல எழுத்துகள் மங்கிவிட்டன. மடித்த இடம் கிழியப் பார்க்கிறது. வீட்டில் வேண்டாத காகிதங்களைக் கழிக்கும்போதெல்லாம் அது மட்டும் எப்படியோ தப்பித்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜாசின் டவுன் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். ஒருநாள் மேனேஜர் சொல்லச் சொல்ல ஒரு மறுப்புக் கடிதம் அடித்தேன். அது எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு. முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்; கணவர் இல்லை. வயதாகி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றவர் மாதக் கடைசிக்குள் தொழிலாளருக்கான லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். மகளோ ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு. அரசாங்கப் பரீட்சைக்கு மூன்றே மாதம். கிளேபாங்கில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனால் பள்ளிக்கூடம் மாற வேண்டும். படிப்பு அதோடு போய்விடும். பரீட்சை முடியும்வரை மட்டும் வீட்டைக் கேட்டிருந்தார். கொடுத்தால் முன்னுதாரணமாகிவிடும், முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கு அந்தச் சொல்மீது அப்போது ஏக மரியாதை. கோர்ட்டில் பேசுகிற சொல் ஆயிற்றே!

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தை முன்னுதாரணம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று, நானே மேனேஜரானதுபோல் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை.

"கேக்கட்டும்லா. அவங்க வீட்டுலயும் பிள்ளைங்க படிக்குதுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. முன்பு ஒருவருக்குக் கிடைத்த நியாயத்தைக் காட்டி இன்னொருவர் கேட்பதற்கும் கோர்ட்டில் இதே சொல்லைத்தான் சொல்வார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பழைய கோப்புகளைக் கிளறினேன். மூன்றாம் நாள் கிடைத்தது. ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஒருவரின் குடும்பம், மகனுடைய பரீட்சை முடியும்வரை ஆபீஸ் ஊழியருக்கான வீட்டிலேயே இருக்கலாம் என்று என்றோ கொடுத்த அனுமதிக் கடிதம்.

அதை மேனேஜர் முன்னால் வைத்தேன். அந்த ஆள் ஆபீஸ் கிராணி, இந்த அம்மா மரம் வெட்டுகிறவர், இரண்டும் ஒன்றா என்று மேனேஜர் கேட்டார்.

"பரீட்சைத் தாள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே சார்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், பழைய கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு புதுக் கடிதம் அடிக்கச் சொன்னார். பரீட்சை முடியும்வரை தங்கலாம். கடைசி வரியை மட்டும் அழுத்திச் சொன்னார்: இந்த அனுமதி முன்னுதாரணமாகக் கொள்ளப்படாது. அப்படியே அடித்தேன். ஆனால் கார்பனோடு எனக்கென்று ஒரு தாளைக் கூடுதலாகச் செருகிக்கொண்டேன். திருட்டுத்தான், இன்றுவரை வருத்தமில்லை.

அத்தை மகள் தேறிவிட்டாள். அடுத்த வருடம், ஓய்வு பெறவிருந்த லாரி டிரைவரின் மனைவி, பள்ளிச் சீருடையில் இருந்த மகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தைக்குக் கொடுத்த லெட்டர் உன்னிடம் இருக்கிறதாமே என்றார்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை; ஆபீஸ் இருந்த இடத்தில் மினி மார்க்கெட். நகலை எடுத்துப் பிரித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நான் வேலையை விட்டபோது ஆபீஸ் கோப்பில் ஏழு குடும்பங்களுக்கு அனுமதிக் கடிதம் இருந்தது. எல்லாவற்றையும் அடித்தவள் நான்தான். எல்லாவற்றிலும் கடைசி வரி அதேதான்.