மேற்குச் சுவரும் கருணாகரன் சாரும்

எங்கள் ஊர் நூலகர் கருணாகரன் சாருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மேடையில் பேசிவிட்டு மனைவியோடு கோயிலுக்குப் போகிற ரகம் இல்லை, நிஜமாகவே கிடையாது. இளவயதில் வேறு ஊர்களில் வேலை பார்த்தபோது, அரசு அலுவலகத்தில் சாமி படம் இருக்கக் கூடாது என்று மனுவுக்கு மேல் மனு போட்டு, இரண்டு இடங்களில் பிள்ளையாரை பீரோவுக்குள் அனுப்பி வைத்தவர். சர்க்கார் கட்டடம் எல்லாருக்கும் பொது, அதில் எந்தச் சாமியும் குடியேறக் கூடாது என்பார். அருப்புக்கோட்டையில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. மனைவி ஹேமலதா செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் விரதம். முப்பது வருஷமாக ஒருவரையொருவர் திருத்தப் பார்த்து, முடியாமல், சந்தோஷமாக இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்தக் காசில் சாமி படம் வாங்கி, சொந்தக் கையால் சர்க்கார் சுவரில் ஒட்டினார். சிமெண்டு குழைத்துக் கொடுத்தது நான். தினமும் போய் ஓசியில் பேப்பர் படிக்கிறவனுக்கு அந்தக் கடமைகூட இல்லையென்றால் எப்படி?

நூலகம் பரளச்சி போகிற சாலையில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது. ஒரே அறை. ஒரே சன்னல், அதுவும் மேற்குச் சுவரில். அந்தச் சுவரின் வெளிப்பக்கம்தான் ஊர் ஆண்பிள்ளைகள் பரம்பரை பரம்பரையாக ஒதுங்கும் இடம். பஸ்ஸுக்கு ஐந்து நிமிஷம் இருந்தால் போதும், நேராக அங்கேதான் வருவார்கள். அவசரமே இல்லாதவனுக்கும் அந்தச் சுவரைப் பார்த்தால் வந்துவிடும்.

உள்ளே சன்னலோரம் தேவிபிரியா உட்கார்ந்து குரூப் நாலு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா நல்லமுத்து நூலகத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"இதுதான் சார் கடைசித் தடவ. பாஸாகலைன்னா தை மாசம் கல்யாணம். மாப்ள வீட்டுல பேசியாச்சு."

பரீட்சைக்கு அறுபது நாள் இருந்தது. சன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் சித்திரை வெயிலில் உள்ளே ஆள் வெந்துபோகும். ஒருநாள் அந்தப் பிள்ளை துப்பட்டாவால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கணக்குப் போடுவதைப் பார்த்து சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குந்தான்.

"இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதிப் பார்த்தார். எழுத்தைக் குறிபார்த்து அடித்தார்கள். சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டார். மறுநாளே யாரோ விறகுக்கு அள்ளிப் போய்விட்டார்கள். கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனார்.

"பூஜை ரூமுக்கா சார், சுவத்துக்கா?" என்று கேட்டார் கடைக்காரர் உதயகுமார்.

சார் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "சுவத்துக்கு" என்றார்.

"அப்ப மூணா வாங்கிருங்க. பிள்ளையார், மாதா, மசூதி. ஒண்ண மட்டும் ஒட்டுனா மத்த ஆளுக நிப்பாட்ட மாட்டாக."

ஞாயிற்றுக்கிழமை நூல் பிடித்து மூன்றையும் ஒரே மட்டத்தில் ஒட்டினார். பிள்ளையார் அரை அங்குலம் மேலே போய்விட்டார் என்று பெயர்த்து மறுபடி ஒட்டினார். ஒட்டுவது தப்பு, அதையாவது பாரபட்சமில்லாமல் செய்வோம் என்றார்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆள் வந்தார். வேட்டியை ஒதுக்கினார், நிமிர்ந்தார், திடுக்கிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினார். சன்னல் திறந்தது. தேவிபிரியா மூக்கிலிருந்து துப்பட்டாவை அவிழ்த்தாள். சார் அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

ஆனால் நம் ஊரில் சாமியைச் சும்மா இருக்க விடுவார்களா? முதல் வெள்ளி யாரோ விளக்கு வைத்தார்கள். அடுத்த வெள்ளி சூடம், மஞ்சள் துணி. மாதாவுக்கு மெழுகுவர்த்தி, மசூதிக்கு ஊதுபத்தி. மூன்றாவது வாரம் சௌந்தரபாண்டியன் தலைமையில் கமிட்டியே வந்துவிட்டது. சௌந்தரபாண்டியன் பந்தல்காரர். ஊரில் எங்கே விசேஷம் நடந்தாலும் அவருக்கு லாபம்.

"தகரக் கொட்டகை போடுறோம் சார். ரேடியோக் குழாய் ஒண்ணு கட்டி காலையில ஆறு மணியிலருந்து பாட்டு. ஊருக்கே ஒங்களாலதான் நல்ல காலம்."

"இங்க பிள்ளைக படிக்குது, பாண்டியன்."

"படிக்கட்டுமே சார். சாமி பாட்டு கேட்டுக்கிட்டே படிச்சா புத்தி நல்லா வரும்."

அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் இல்லை. சர்க்கார் உத்தரவு ஒன்றுக்குத்தான் அவர் பயப்படுவார். அன்று சாயங்காலம் கருணாகரன் சார் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து தம்மீதே ஒரு மனு எழுதினார். 'நூலகக் கட்டடத்தில் மதச் சின்னங்களை அனுமதித்த நூலகரின் பொறுப்பற்ற செயல்' என்று ஆரம்பித்து, எழுத எழுதப் பழைய வேகம் வந்து, மூன்று பக்கம் தம்மையே கிழித்துவிட்டார். அனுப்புநர்: பொதுமக்கள். டவுனுக்குப் போய்த் தபாலில் சேர்த்த பொதுமக்கள் நான்தான்.

பத்தே நாளில் மேலிடத்து உத்தரவு வந்தது. உடனே அகற்ற வேண்டும், நூலகர் விளக்கம் தர வேண்டும். சார் சோகமான முகத்தோடு கமிட்டிக்குப் படித்துக் காட்டினார்.

"எந்தப் பய மனுப் போட்டான்? அவன் கையை முறிக்கணும்" என்றார் சௌந்தரபாண்டியன். சார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டைல்ஸைப் பெயர்க்க யாரும் முன்வரவில்லை. கொத்தனார் மாரிச்செல்வம் உளியைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். சாரே உட்கார்ந்து, உடையாமல், மூன்றையும் மெல்லப் பெயர்த்தெடுத்து அந்தந்த ஆட்களிடம் ஒப்படைத்தார். கொட்டகைக்கு வந்திறங்கிய தகரம் திரும்பிப் போனது. அரை மணி நேரங்கூட ஆகவில்லை, சுவர் நனைந்துவிட்டது. சன்னலை மூடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் போனால், சார் மேசை நாற்காலியைச் சுவரோரம் வெளியே போட்டு, குடை பிடித்து, வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். மனிதன் இருந்தால் மனிதனுக்கு வெட்கம் வரும் என்பது அவர் கணக்கு.

முதலில் வந்தவன், "சார், கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கிருங்க" என்றான்.

சார் திரும்பவில்லை. அவன் இரண்டடி தள்ளிப் போய்க் காரியத்தை முடித்தான். அடுத்தவன் அந்தப் பக்கம் இரண்டடி. சார் நடுவே உட்கார்ந்து உத்தரவு, அபராதம், சட்டம் என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சன்னலைப் பார்த்தேன், மூடியிருந்தது, சிரிப்பு போய்விட்டது.

அப்போது தங்கமாரி வந்தார். டவுனுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர். பஸ் ஏறும் முன் சுவருக்கு அரளிப்பூ வைப்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது.

"சாமி எங்க சார்?"

"எடுத்தாச்சும்மா. சர்க்கார் உத்தரவு."

தங்கமாரி சுவரைப் பார்த்தார், கையிலிருந்த பூவைப் பார்த்தார். "சாமிக்குன்னு பறிச்சத வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதே" என்று சொல்லி, சாரின் மேசையில், பதிவேட்டின் மேலேயே வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு கும்பிடும் போட்டுவிட்டு பஸ்ஸைப் பார்க்க நின்றார்.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. பூவை எடுத்துத் தூரப் போடக் கையை நீட்டினார். அதே நேரம் மூலை திரும்பி ஒருவர் வேட்டியைத் தூக்கியபடி வந்தார். சுவரைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், சாருக்கு முன்னால் பூவைப் பார்த்தார். சட்டென்று வேட்டியை இறக்கி, செருப்பைக் கழற்றி, என்னமோ ஏதோவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

பின்னாலேயே வந்த இரண்டு பேரும் அப்படியே.

சார் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு பூவைத் தூரப் போடவில்லை, மேசையின் முன்பக்கமாக, வருகிறவர்களுக்குத் தெரிகிறாற்போல் நகர்த்தி வைத்தார். பின்னால் சன்னல் மெதுவாகத் திறந்தது. பஸ் வந்துவிட்டது. தங்கமாரி படியில் கால் வைக்கும்போது சார் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினார்.

"தங்கமாரி, பரீட்சைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கு. அதுவரைக்கும் தவறாம வந்துருவீங்களாம்மா?"