கால்கள் வரைந்த கோடு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் பொதுப் புல்வெளியைக் குறுக்கே கடந்தால் அரை மணி நேர நடை. பத்தொன்பது வருடங்களாக அப்படித்தான் போகிறாள். பனி முழங்கால்வரை படுத்திருக்கும். அதன்மேல் புல் நுனிகள் மிதக்கும். பாதித் தூக்கத்திலேயே நடப்பாள்.

அந்த வெளியில் நடைபாதை வரப்போகிறது, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டியது. நாத்தனார் விடவில்லை.

"நடந்து நடந்து அங்க தடம் போட்டதே நீங்கதானே அண்ணி. நீங்க வாயைத் திறக்கலைன்னா வேற யாரு பேசுவா?"

ஞாயிற்றுக்கிழமை கருத்துக் கேட்கும் கூட்டத்துக்காக நூலக மாடிக்குப் போனாள். மேசை முழுக்க வரைபடம். திட்ட அதிகாரியான பெண் பென்சிலை நீட்டினார்.

"நீங்க போற வழிய வரைஞ்சு காட்டுங்கம்மா."

படத்தைப் பார்த்தால் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஈரப்புல் கணுக்காலில் உரசியது. கை தானாக நகர்ந்தது. கண் திறந்தபோது கோடு நடுவில் பெரிதாக வளைந்து, மறுபடி நேராகியிருந்தது.

"இங்க மேடு பள்ளம் எதுவுமில்லையே. ஏன் சுத்திப் போறீங்க?"

சுற்றிப் போவதே அவளுக்குத் தெரியாது. யோசித்து யோசித்துத்தான் ஞாபகம் வந்தது. முதல் வருடம் ஓர் ஆள்காட்டிக் குருவி கத்தியபடி தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து விரட்டியது. பயந்து ஒதுங்கி நடந்தாள். அடுத்த வருடமும் அப்படியே. பிறகு அவள் மறந்துபோனாள். கால்கள் மறக்கவில்லை.

"அங்க ஆள்காட்டிக் குருவி இருக்குங்க. அது வெறுந்தரையில முட்டை வைக்கும். பார்த்தா கூழாங்கல்லு மாதிரிதான் இருக்கும்," என்றாள்.

புதுப்பாதைக்காக அதிகாரி போட்டிருந்த நீலக்கோடு நேராக அந்த இடத்தின் மேலேயே ஓடியது.

கூட்டத்துக்கு வந்திருந்த சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். "ஒரு குருவிக்காக ஊரே சுத்திப் போகணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

"நான் சுத்தித்தாங்க போறேன். ஒரு நாளும் வேலைக்கு லேட்டானதில்ல."

சிரிப்பு அடங்கியது.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் அந்த இடத்தைப் பார்க்க அதிகாரியும் கடைக்காரரும் அவளுடன் வந்தார்கள். அவள் விரல் நீட்டிய பிறகும் கடைக்காரருக்குத் தெரியவில்லை. குனிந்தார். நான்கு முட்டைகள், அவர் செருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி.

"மிதிச்சிருப்பேன்," என்றார் மெதுவாக.

இன்னும் இரண்டு கூட்டங்கள் நடந்தன. பாதை ஓடைக்கரையோரமாகப் போகட்டும், நடுவெளியை வேலியிட்டுப் பறவைகளுக்கே விட்டுவிடலாம் என்று முடிவானது. அதிகாரி தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"உங்க தடமும் வேலிக்குள்ளதாம்மா போகுது. அதையும் மூடணும்."

வரைபடத்தில் தன் கோட்டை விரலால் ஒருமுறை தடவினாள். "மூடுங்க."

வீட்டில் நாத்தனார் கேட்டாள்: "ஜெயிச்சிட்டு வந்து ஏன் அண்ணி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"குடியிருந்த வீட்டக் காலி பண்ணின மாதிரி இருக்குடி."

புதுப்பாதையில் பத்து நிமிடம் கூடுதல். திறந்த முதல் நாள், பனிக்குள் முன்னால் ஓர் உருவம் போய்க்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு அது நின்றது. மருத்துவமனைச் சமையற்கட்டில் வேலை செய்யும் பெண். பாதை வருமுன் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்தவளாம். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே போகிறார்கள், அதிகம் பேசாமல், ஓடையின் ஓட்டத்தைக் கேட்டபடி.