வளையங்கள் ஆறும் அறை

கூலண்ட் புளித்த நாற்றம். லேத் பட்டறை எதையாவது தாண்டும்போது அது வந்து என்னை நிறுத்திவிடும். வெட்டுப்படும் இரும்பின் மேல் ஊற்றுகிற பால்நிறத் தண்ணீர். கத்திரி வெயிலில் மூன்று நாள் மாற்றாமல் விட்டால் கெட்டுப்போன மோர்போல வீச்சமடிக்கும். பின்னால் வருகிறவர் என்மேல் இடித்துக்கொண்டு திட்டுவார். நான் அங்கே இருக்கமாட்டேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், கும்மிடிப்பூண்டியில், ஒரு மே மாதத்து மூன்று மணியில் நின்றுகொண்டிருப்பேன்.

இரும்பு வளையங்கள் கடையும் தொழிற்சாலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாக லேத்துகள், லேத்துக்கு ஓர் ஆள். நடுவில் கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே எப்போதும் இருபது டிகிரி. அதில் நான், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வளையங்களை அளக்கிறவன். குளிர் எனக்காக இல்லை, அளவுக் கருவிகளுக்காக. சூட்டில் கருவி பொய் சொல்லும் என்பது மேலே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மனிதனுக்கு என்ன ஆகும் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

ஆனால் என் பதிவேட்டுக்குத் தெரியும். அளவு தவறித் தள்ளுபடியான வளையத்துக்குச் சிவப்பு மையில் சுழிப்பேன். காலை பத்து மணிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். மதியம் மூன்று மணிக் கட்டங்களில் அம்மை போட்டதுபோல் சிவப்பு. ஏப்ரலில் கொஞ்சம், மே மாதத்தில் பக்கம் முழுக்க. தினமும் பார்த்தேன். யாரிடமும் கொண்டுபோய்க் காட்டவில்லை.

லேத்திலிருந்து வந்த வளையத்தை உடனே அளக்கக் கூடாது. என் மேஜையின் இரும்புப் பலகைமேல் அரை மணி நேரம் வைத்து ஆறவிட வேண்டும். அதைச் சாக்காக வைத்து ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வளையத்தோடு வந்த ஆளும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். “பீஸ் ஆறட்டும்பா” என்பார்கள். யார் ஆறுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் வந்தவர் ஆரம்பாக்கத்து அண்ணன். நாற்பது தாண்டியவர். ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி.

“இன்னா ஊட்டிக்காரரே, எங்களுக்கும் கொஞ்சம் ஊட்டியக் காட்டுறது?”

“வாங்கண்ணா. பூ மட்டும் பறிக்காதீங்க.”

அந்த வருடம் ஜூன் மாதத்தில் அவரை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். ஒரே சிக்கல், கையில் இரண்டு மெமோ இருந்தது. குடிதண்ணீருக்காகச் சண்டை போட்டது ஒன்று, ரயில் தாமதமான நாளில் தாமதமாக வந்தது ஒன்று. மூன்றாவது வந்தால் வேலையே போய்விடும்.

மே முதல் வாரத்தில் புது மேனேஜர் வந்தார். இரண்டே நாளில் எங்கள் வழக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

“பீஸ் ஆறுற வரைக்கும் மெஷின் ஏன்யா சும்மா நிக்கணும்? பீஸ் உள்ள, ஆள் வெளிய. அவ்ளோதான்.”

அன்றிலிருந்து இரும்புக்குக் குளிர், மனிதனுக்குக் கூரை.

ஒரு வாரம் போயிருக்கும். மூன்று மணிக்கு அண்ணன் வளையத்தோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். முகத்தில் வேர்வை இல்லை. காய்ந்த மண்போல இருந்தது முகம்.

“நைனா, பேஜாரா கீது. தல கிர்ருனு சுத்துது. ரெண்டு நிமிசம் குந்திக்கினு போறேன்.”

“மேனேஜர் அவர் ரூம்லருந்து பாத்துக்கினே இருக்காருண்ணா.”

“பாக்கட்டுமே. அப்பால பொணமா பாக்குறதுக்கு இது தேவல.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வளையத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். வளையம் அரை மணி நேரம் சுகமாகப் படுத்திருந்தது. அளந்தேன், சரியாக இருந்தது. லேத்துக்குத் திரும்பியிருந்தவருக்குக் கண்ணாடி வழியே கட்டைவிரலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினாரா என்பது இன்றுவரை நினைவில்லை.

அதற்குப் பிறகு அவர் தேய்ந்த வெட்டுமுனையை மாற்றியிருக்கிறார். மாற்றினால் அளவைப் புதிதாக வைக்க வேண்டும். சூடான வளையம் உப்பியிருக்கும், ஆறினால் சுருங்கும். ஆகவே குறித்த அளவுக்கு மேல் இருபது மைக்ரான் கூட விட்டு நிறுத்துவார்கள். தலைமுடியின் பருமனில் கால்வாசி. லேத்தில் நிற்கிறவனுக்கு முதல் வருடமே கைக்கு வந்துவிடும் கணக்கு. அன்று அண்ணன் கூட விடவில்லை. அதே இருபதைக் குறைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு அவர் கடைந்த தட்டு உள்ளே வந்தது. இருபத்தெட்டு வளையங்கள். ஆறவைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சிறுத்திருந்தன. அதுவும் ஒரே அளவில், ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல். கவனமில்லாதவனுக்கு இப்படி வராது. அவ்வளவு கவனமாக ஒரே தவற்றை இருபத்தெட்டு முறை செய்திருந்தார்.

“சூடு, சூடுன்னே மனசுல ஓடிக்கினு இருந்துச்சு நைனா. சூடுன்னா கொறைக்கணும்னு கை அதும்பாட்டுக்குப் போய்டுச்சு” என்றார். மேனேஜர் அப்போதுதான் எங்களைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவருடைய அறை வாசலில் நின்றிருந்தோம்.

உள்ளே மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “மூணு மணிக்கு வந்தப்ப உன்கிட்ட எதாவது சொன்னாரா?”

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பீஸ் குடுத்துட்டுப் போனாரு சார்.”

பொய் இல்லை. பாதியை விழுங்கிய உண்மை, அது பொய்யைவிட வழுக்கும். அந்தத் தட்டுக்கான தள்ளுபடி அறிக்கையை நான்தான் நிரப்ப வேண்டும். ‘வெப்பநிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. என் அறையின் வெப்பநிலையைக் கேட்கும் கட்டம். இருபது என்று எழுதினேன். லேத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். ஓரம் வெள்ளையாகத்தான் இருந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குளிரில் விரல் வேர்க்கவில்லை, கையெழுத்து நன்றாகவே வந்தது.

மூன்றாவது மெமோ மறுநாள் வந்தது.

அடுத்த வாரம் மதிய ஷிப்டுக்காக கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இறங்கினேன். அண்ணன் கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆரம்பாக்கம் போகும் வண்டிக்குக் காத்திருந்தார். தப்பிப்போக வழியில்லை, நடைமேடையில் நிழல் இருந்ததே அவர் நின்ற அந்த ஓர் இடத்தில்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணா, நீங்க தல சுத்துதுன்னு சொன்னத நான் சொல்லல.”

“தெரியும்பா. நானும் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்.”

வண்டி தூரத்தில் தெரிந்தது. அவர் பையைத் தோளில் மாட்டினார். பிறகு, வேறு யாரோ செய்த வேலையை விசாரிப்பவர்போலக் கேட்டார்:

“அந்தத் தட்டுல ஒண்ணு கூட தேறலையா?”

“இல்லண்ணா.”

அவர் ஏறி, கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி அசைந்தது. நான் நகராமல் நிற்பதைப் பார்த்துக் கையை வீசினார்.

“சரி, நீ போ நைனா. ஷிப்டுக்கு லேட்டாவுது.”