வெளியே பூட்டிய கதவு

ஆண்டவரின் பிள்ளைகளே, என் வெட்கத்தையும் சேர்த்துத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதை ஒளித்துவிட்டு நடந்த அற்புதத்தை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சியாகத்தான் இருக்கும்.

என் பெயர் ரோஸ்மேரி. நமுனுகுல பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். வரிசை அறைகளாகக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

போன ஐப்பசியில், மழை ஈரத்தில், முதுகில் கொழுந்தோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்தேன். வலது கால் அப்படியே மடங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், ஆனால் நரம்பு நன்றாக இழுபட்டிருக்கிறது, மூன்று கிழமைக்குக் காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். துணி சுற்றி அனுப்பிவிட்டார்கள்.

சுளுக்குத்தானே என்று சொல்வது சுலபம். தனியாக இருந்து பாருங்கள். காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, எல்லோரும் போனபிறகு லயத்தில் நாயும் கோழியும்தான். தண்ணீர்க் குழாய் படிக்குக் கீழே. கழிவறை அதற்கும் கீழே. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவேன். வாளியில் பாதித் தண்ணீரோடு திரும்பி ஏறும்போது அழுதுவிடுவேன். பத்து நாளாகியும் வீக்கம் வற்றவில்லை. இனி மலையேற முடியாதோ, வேலையும் போய் காம்பராவும் போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டது.

பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் லெட்சுமி. விழுந்த அன்றைக்கே வாசலில் வந்து நின்றாள். "கால் எப்படிக்கா இருக்கு?" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எட்டு மாதமாக அவளோடு பேச்சு இல்லை. காரணம் நான்தான். மாரியம்மன் திருவிழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். "படைச்சதெல்லாம் எங்களுக்கு ஆகாது" என்று சொல்லி, அவள் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சட்டியை வாசல்படியில் வைத்துவிட்டேன். சாப்பிட மாட்டேன் என்பதைப் பதமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கோ அன்று விசுவாசத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை.

சுகத்துக்காக மூன்று நாள் உபவாசம் இருப்பதென்று முடிவெடுத்தேன். எப்போதும்போல அதிலும் ஒரு வைராக்கியம். யாரும் வந்து கெடுக்கக்கூடாது என்று எங்கள் சபைச் சகோதரி மெர்சியிடம் போனையும் சாவியையும் கொடுத்து, "வெளியே பூட்டிட்டுப் போ. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து திற" என்றேன். "இந்தக் காலோடயா? வேணாங்க்கா" என்று மெர்சி தயங்கினாள். அவளையும் அதட்டித்தான் அனுப்பினேன். குடிக்கத் தண்ணீரும், மூலையில் ஒரு வாளியும். எங்கள் காம்பராக்களுக்கு வேறு கதவு கிடையாது.

இரண்டாம் நாள் வியாழக்கிழமை. விடியும்போதே அடைமழை. காலை ஜெபத்தை முடித்துப் பாட்டுப் பாடிவிட்டுப் படுத்திருந்தேன். பத்து மணி இருக்கும், வெளியே தோட்டத் தலைவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"மேல மண்ணு வெடிச்சிருக்கு! எல்லாரும் ஸ்கூலுக்கு இறங்குங்க! சாமானைப் பார்க்காதீங்க!"

எழுந்தேன். காலை ஊன்றியதும் உச்சந்தலை வரை வலி ஏறியது. தவழ்ந்து கதவுக்குப் போனேன். அதே நேரம் யாரோ வெளியே பூட்டை ஆட்டிப் பார்த்தார்கள்.

"பூட்டு தொங்குது. ரோசக்கா பண்டாரவளை டவுனுக்குப் போயிருச்சு போல."

"நான் உள்ளதான் இருக்கேன்!" என்று அலறினேன். தகரக்கூரையில் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவைக் குத்தினேன். கால்சத்தங்கள் ஓடிவிட்டன. ஜன்னல் பலகை ஈரத்தில் உப்பி இறுகியிருந்தது. அசைக்க முடியவில்லை.

என் குரல் போகக்கூடிய வழி ஒன்றுதான் மிச்சம். லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே இடைவெளி இருக்கும். லெட்சுமி பெட்டியை இழுப்பது கேட்டது. "லெட்சுமி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் சொல்லவில்லை. நம்புங்கள், வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. என் ஆண்டவர் சபையிலிருந்து யாரையாவது அனுப்புவார், இவளிடம் போய்க் கெஞ்சுவதா என்று நினைத்தேன். உயிர் போகிற நேரத்திலும் ரோசம். அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மழை மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் குசினிச் சுவர் படாரென்று வெடித்தது. சிவந்த சேற்றுத் தண்ணீர் அடுப்படியைத் தாண்டி வந்தது. அப்போதுதான் என் வைராக்கியமெல்லாம் உதிர்ந்தது. சேற்றில் முகம் பதிய விழுந்து கதறினேன். "ஆண்டவரே, நான் பெருமைக்காரி. அந்தப் பொங்கல் சட்டியை வைத்தது தப்பு. வேறு யாரையும் கேட்கமாட்டேன், லெட்சுமியை அனுப்பும்." பிறகு சுவரைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காலிக் காம்பராவைப் பார்த்துத்தான். ஆனாலும் விடாமல் கூப்பிட்டேன்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கதவில் இரும்பு இடிக்கிற சத்தம் கேட்டது. கொண்டி பிய்ந்து விழுந்தது. கையில் அலவாங்குக் கடப்பாரையோடு, தலையிலிருந்து தண்ணீர் வழிய லெட்சுமி நின்றாள்.

"என்னக்கா இது, பைத்தியமா உங்களுக்கு? ஏறுங்க முதுகுல!"

கொழுந்துக் கூடை சுமந்து பழகிய முதுகு. என்னையும் சுமந்தது. வழுக்குகிற படிகளில் இரண்டு தடவை முழங்கால் படியில் தட்ட விழுந்தாள், என்னை விடவில்லை. நாங்கள் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்து ஈரத்துணி மாற்றுவதற்குள் செய்தி வந்துவிட்டது. மண் இறங்கி என் குசினியையும் பாதிக் காம்பராவையும் மூடிவிட்டது. நான் தவழ்ந்து கிடந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மண்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?" என்று அவளிடம் கேட்டேன்.

"எங்க கேட்கும்க்கா, நான்தான் பாதி வழியில இருந்தேனே. காலையில நீங்க பாடுனது காதுல விழுந்துச்சு. அப்புறம் பூட்டப் பார்த்ததும் யாராவது வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு நானும் வந்துட்டேன். உங்கமேல இருந்த கோவமும்தான், பொய் சொல்ல மாட்டேன். நடு வழியில கால் நகரலக்கா. யாரோ புடிச்சு நிறுத்துன மாதிரி இருந்துச்சு. திரும்பிட்டேன்."

யார் பிடித்து நிறுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பாடசாலையில் பதினொரு நாள் இருந்தோம். என் கால் முன்னைவிட வீங்கிவிட்டது. காலையும் மாலையும் லெட்சுமிதான் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள், கழிவறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனாள். மண் மூடியிருந்த பாதை திறந்த அன்றே மெர்சி ஓடிவந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தை பிறந்தபோது நான் மறுபடி மலைக்கு ஏறினேன். நடக்கும்போது கால் எப்போதாவது இழுக்கும். அந்த நேரம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வேன்.

இப்போது எங்களுக்கு வேறு லயத்தில் அடுத்தடுத்த காம்பரா கொடுத்திருக்கிறார்கள். இந்த வருடத் திருவிழா அன்று லெட்சுமி வாசலுக்கு வந்தாள். படியில் ஏறாமல் நின்றாள். கையில் மூடிய சட்டி.

"சாமிக்குப் படைக்க முந்தியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன்க்கா. இது ஆகும்தானே?"

அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்து, ஜெபித்துவிட்டு, இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பிரியமானவர்களே, கஷ்டத்தில் கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் யாரை அனுப்புவது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆளாகக்கூட இருக்கலாம். நான் இன்னும் உபவாசம் இருக்கிறேன், கதவைச் சாத்தித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் வெளியே பூட்டுப் போடுவதில்லை. என் வீட்டுச் சாவி ஒன்று லெட்சுமியின் வீட்டு ஆணியில் தொங்குகிறது.