ஐம்பத்திரண்டு மணி நேரச் சோறு

கைக்குப் பூசும் க்ரீமைப் பாதிவரை பிதுக்கித் தன் இரண்டு முழங்கைகளிலும் தடவிக்கொண்டு, குழாயின் காலியான பாதியைச் சுருட்டிக் கட்டிலருகே வைத்தார் மெங் ஒக்சுன். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, சலவைக்கடைச் சீட்டு ஒன்று, ஜோடி தொலைந்த காலுறை ஒன்று, கோழிக்கடைக் கூப்பன் ஏழு என்று உள்ளே போட்டு மூடினார். பத்துக் கூப்பன் சேர்ந்தால் ஒரு கோழி இலவசம். அந்த அறையில் குடியிருந்தவள் ஏழோடு செத்துப்போனாள். அந்த இழுப்பறையை எந்தக் கேமராவும் திறக்கப்போவதில்லை.

ஒக்சுனுக்கு ஐம்பத்தாறு வயது. பாஜு என்ற ஊரில் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் படப்பிடிப்புக் கொட்டகையில், கொலைத் தொடர்களுக்காகச் செத்தவர்களின் வீடுகளை நிரப்பிக் கொடுப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடத்தில் அறுபதுக்கு மேல் வீடுகள். 'பிணம்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "ரூம்காரப் பொண்ணு" என்பார், அவள் பால் வாங்கப் போயிருப்பதைப் போல.

கதை எழுதும் எங்களைத் திடீர் திடீரென்று போனில் அழைப்பார். "ரூம்காரப் பொண்ணு துணிய அன்னன்னிக்குத் துவைப்பாளா, ஞாயித்துக்கிழம மொத்தமாவா?" தெரியாது என்றால் சலித்துக்கொள்வார். "கொன்னவன் எந்தக் கையால குத்துனான்னு மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க." கடைசி அத்தியாயங்களின் பிரதியை அவர் வாங்குவதே இல்லை. கொன்றவன் யார் என்று தெரிந்துவிட்டால் கவனம் அவன் பக்கம் போய்விடுமாம்.

யார் செய்தது என்ற கேள்விதான் மக்களைத் தொடரின் முன் உட்காரவைக்கிறது என்று நம்பி நானும் பல வருடம் எழுதினேன். விடை தெரிந்ததும் தீர்ந்துபோகிற கேள்வி அது. தீராத கேள்வி ஒன்று இருப்பதை இந்த ஜனவரியில்தான் கண்டேன்.

கதையில் செத்தவள் பெயர் போராம். மருந்துக்கடையில் வேலை. காலை ஆறு மணிக்குச் சோறு வைத்துவிட்டுப் போனவள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போலீஸ் கதவைத் திறக்கிறது, கூடவே அம்மா. சோறு எத்தனை மணி நேரமாகச் சூட்டில் இருக்கிறது என்பதை எங்கள் ஊர் மின்சாரக் குக்கர்கள் எண்ணிக் காட்டும். ஒக்சுன் இரண்டு நாள் முன்பே விடிகாலையில் கொட்டகைக்கு வந்து அரிசி போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த எண்ணை எடிட்டிங்கில் போட்டுக்கொள்ளலாமே என்றார் லைட் வேலை பார்க்கும் குவாக்.

"நம்பரப் போடலாம். வாசன?"

"கேமராவுக்கு ஏதுக்கா மூக்கு?"

"அம்மாக்காரிக்கு இருக்குல்ல."

அம்மாவாக நடித்தவர் நம்கூங் யொன்ஹி, மேடையில் பழகிய நடிகை. 'கட்டிலில் விழுந்து கதறுகிறாள்' என்று நான் எழுதியிருந்தேன். ஐந்து முறை விழுந்தார். ஐந்து முறையும் கதறல் குறைவில்லாமல் வந்தது. பார்த்த எங்களில் யார் மனமும் அசையவில்லை. இயக்குநர் பியோ கடிகாரத்தைப் பார்த்தார். இந்தக் காட்சியை விட்டுவிட்டு நேராகப் பிணக்கிடங்குக்குப் போய்விடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். கதை ஓட்டத்துக்கு அதனால் குறை எதுவும் இல்லை.

வழக்கமாக விளக்குக் கம்பங்களைத் தாண்டி வராத ஒக்சுன் அப்போது இயக்குநர் முன்னால் வந்து நின்றார்.

"டைரக்டர், இன்னும் ஒரு தடவ."

"சாப்பாடு தள்ளிப்போனா அத்தன பேரும் உங்களத்தான் திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும். இந்த ரூம் போச்சுன்னா அவ வெறும் கத்திக்குத்துதான்."

பியோ மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். ஒக்சுன் நம்கூங்கிடம் போய், "கட்டிலுக்குப் போகாதீங்க. குக்கரத் திறங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

நம்கூங் திறந்தார். ஆறாமல் சூட்டிலேயே கிடந்து பழசாகிப்போன சோற்றின் வாசனை கேமராவுக்குப் பின்னால் நின்ற எங்கள் வரைக்கும் வந்தது. உள்ளே ஒரு பாதி வெறும் சோறு, மஞ்சளடித்திருந்தது. மறுபாதியில் மட்டும் கறுப்புப் பயறு, சோறு ஊதா நிறத்தில்.

போராமுக்குப் பயறு பிடிக்காது. இரண்டாம் அத்தியாயத்தில் அம்மாவும் மகளும் போனில் பேசும் காட்சி ஒன்று உண்டு. பின்னால் போலீஸ் அந்த அழைப்பை வைத்து அவள் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பேச்சு நீளவேண்டும் என்பதற்காக, பயற்றைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுகிறாளே என்று அம்மா திட்டுவதாகவும், வியாழக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்வதாகவும் வாய்க்கு வந்ததை எழுதி நிரப்பியிருந்தேன். வியாழக்கிழமை அம்மாவுக்குப் பஸ் கிடைக்கவில்லை. இதையெல்லாம் எழுதிய மறுநாளே நான் மறந்துவிட்டேன். வருகிற அம்மாவுக்காக மகள் அன்று காலை ஒரு பக்கம் மட்டும் பயறு போட்டுச் சோறு வைத்திருப்பாள் என்பது ஒக்சுனுக்குத் தெரிந்திருந்தது.

நம்கூங் கதறவில்லை. கரண்டியைத் தேடி எடுத்தார். பயறு இருந்த பக்கத்திலிருந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். காய்ந்த சோறு, மெல்ல நேரமாயிற்று. போலீஸ்காரர்கள் கதவோரம் நின்றார்கள். அவர் விழுங்கி முடித்து, யாருமில்லாத கட்டிலைப் பார்த்து, நான் எழுதாத ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்.

"வந்துட்டேன்டி."

பியோ 'கட்' சொல்ல மறந்துபோனார்.

அந்தக் காட்சியைப் பற்றி எனக்கு இதுவரை நூற்றுக்கணக்கானோர் எழுதிவிட்டார்கள், என்னைப் பாராட்டி. அன்று சாப்பாட்டு வேளையிலேயே ஒக்சுனிடம் நன்றி சொல்லப் போனேன். "நீங்கதான எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டு முள்ளங்கி சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொள்ளப்படாத அந்த நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இரண்டு மணிக்கு அறையைக் கலைக்கவேண்டும். அடுத்த வாரம் அது வேறொருவரின் சமையலறை. தளத்தில் எல்லோரும் பூட்ஸோடுதான் நடப்போம். பலகைத் தரை, ஆணியடித்து நிறுத்திய சுவர், யார் வீடும் அல்ல. ஒக்சுன் காலிப் பெட்டிகளைக் கதவுக்கு வெளியே அடுக்கினார். பின்பு குனிந்து, பூட்ஸின் கயிறுகளை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி, வாசலைப் பார்த்துச் சேர்த்துவைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போனார்.