புளுகு என்று கத்த ஓர் ஆள்

யசிந்தா கதை சொன்னால், "புளுகு!" என்று முதலில் கத்துகிறவள் நான்தான். விடத்தல்தீவுக் கரையில் அந்த உரிமையை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான், அவ்வளவுதான். றஹீமா வாயைத் திறந்தால் கண்டல் காட்டுக் கொக்கெல்லாம் பறந்துவிடும் என்று என்னோடு நண்டு கழற்றுகிற நிறஞ்சலா சொல்வாள். சொல்லட்டும். அவளுடைய வாய் மட்டும் என்ன சின்னதா?

விடியும்போது மீன்பிடிப் போட்டுகள் வந்து வலைகளைக் குவித்துவிட்டுப் போகும். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் கரையில் இருக்கிற ஓலைக் கொட்டிலுக்குள், வாடிக்குள், குந்தியிருந்து நண்டு கழற்றுவோம். வலையில் சிக்கிய நண்டு கோபக்கார நண்டு. கண்ணைக் கொஞ்சம் எடுத்தாலும் விரலைப் பிடித்துவிடும். அதனால் கதை சொல்கிறவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை; அவளும் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. சோளகம் பெயர்ந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவளின் பேச்சைக்கூடக் காற்றுத் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த நிலையில் தன் கதையை யாராவது கேட்கிறார்களா, தூங்கி விழுகிறார்களா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் கத்தினால்தான் தெரியும். அப்படித்தான் இந்தப் பழக்கம் வந்தது. நம்பமுடியாத இடம் வந்தால் "புளுகு!" என்று கத்துவோம். கத்தினால் அவள் ஒரு சாட்சி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

மடு மாதா கோயில் திருவிழாவுக்கு நண்டு போன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதர் ஒருவரின் பைக்குள் ஒரு நண்டு ஏறி ஒளித்திருந்து மடு வரைக்கும் போய்விட்டது என்பாள்.

"புளுகு!" என்பேன் நான்.

"புளுகோ? அப்ப பாதர் ஏன் பிரசங்கத்துக்கு நடுவில 'ஐயோ மாதாவே' எண்டு துள்ளினவர்?"

"அவர் பக்தியில துள்ளியிருப்பார்" என்பாள் நிறஞ்சலா.

"பக்தியில துள்ளுறவர் கட்டை விரலைச் சூப்புவாரோடி?"

அந்தக் கட்டை விரல் முதல் நாள் கதையில் இல்லை. நாங்கள் கத்திக் கத்திப் பிடுங்கியெடுத்தது. அவளுடைய கதைகளில் பாதி இப்படி வந்ததுதான். கடல்தான் யசிந்தாவுக்குக் கதை கொடுத்தது என்று பேஸ்புக்கில் ஓர் ஆள் உருகி உருகி எழுதியிருந்தார். கடல் ஒரு மண்ணும் கொடுக்கவில்லை. கொடுத்தது நண்டும் காற்றும் எங்கள் வாயும்.

கடல் எடுத்தது பஸ்ரியனை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பஸ்ரியன் யசிந்தாவின் கணவன். நாலு வருடத்துக்கு முன், சோளகம் பலக்கும் காலத்தில் ஒரு நாள், எல்லாரும் மறிக்க மறிக்கத் தனியாகக் கடலுக்குப் போனான். ஆளும் வரவில்லை, போட்டும் வரவில்லை. நேவி தேடியது, எங்கள் ஆட்கள் தேடினார்கள், இந்தியப் பக்கமும் சொல்லி விசாரித்தார்கள். ஒரு மிதப்புக்கட்டைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஒரு வருடம் கழிந்ததும், ஆத்துமப் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்கச் சொல்லிச் சொந்தக்காரர் வந்து நின்றார்கள். "சுகமா இருக்கிற மனுசனுக்கு ஏன் ஆத்துமப் பூசை?" என்று கேட்டு யசிந்தா கதவைச் சாத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வாடியில், நண்டைக் கழற்றிக்கொண்டே, பஸ்ரியன் போன கதையையும் மற்றக் கதைகளைப் போலத் தொடங்கினாள். கறிக்கு உப்புக் காணாது என்று அவன் கத்தியதிலிருந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனது வரைக்கும் சொன்னாள். கடைசியில், "அண்டைக்குப் போனவர்தான். திரும்பி வரேல்லை" என்றாள்.

நான் "புளுகு!" என்று கத்தினேன். யோசித்துக் கத்தவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் என்று எங்களை இந்த ஊரிலிருந்து அனுப்பியபோது, "இனி இதுகள் வராதுகள்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! புத்தளத்தில் அகதியாக இருந்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டு, பிறகு இதே கரைக்கு வந்து இதே மண்ணில் குந்தியிருக்கிறேன். வரமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று நான் கத்தியதும் யசிந்தா ஒரு மூச்சு விட்டாளே, அந்த மூச்சு எனக்குக் காற்றுக்குள்ளும் கேட்டது. அன்றிலிருந்து அந்தக் கதையை அவள் எத்தனை தரம் சொன்னாலும், அந்த வசனம் வந்ததும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்திவிடுவோம்; கதையை அதோடு முடியவிடமாட்டோம்.

யாரோ போனில் பிடித்துப் போட்ட அந்த மடு நண்டுக் கதை ஊர் உலகமெல்லாம் சுற்றியது. கொழும்பில் ஒலிக்கதைகள் பதிவுசெய்து இணையத்தில் போடுகிற நிறுவனம் ஒன்றிலிருந்து, சுவேதினி என்ற பிள்ளை யசிந்தாவைக் கூப்பிட்டாள். துணைக்கு நானும் போனேன். நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. "அக்கா, அக்கா" என்று பால்தேத்தண்ணி எல்லாம் தந்தாள்.

ஸ்ரூடியோ என்றால் சுவரெல்லாம் ஸ்பொஞ்ச் ஒட்டிய ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தினால் உன் மூச்சு உனக்கே கேட்கும். உள்ளே யசிந்தாவும் சுவேதினியும். கண்ணாடிக்கு வெளியே நானும் மெசின் பார்க்கிற ஆளும். அவள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. அல்லாவே, எனக்கு இதைவிட ஒரு தண்டனை உண்டா?

கழற்ற நண்டில்லாமல் யசிந்தாவின் கைகள் சேலைக்கரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. கதையைத் தொடங்கினாள். நண்டு பாதரின் பைக்குள் ஏறி மடுவுக்குப் போனது என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். சுவேதினி சிரித்துத் தலையாட்டினாள். யசிந்தா காத்திருந்தாள். சுவேதினியும் காத்திருந்தாள்.

"சொல்லுங்கோ அக்கா."

"சொல்லிப்போட்டன்."

"பிறகு என்ன நடந்தது?"

"பிறகு நீங்களெல்லோ பிள்ளை சொல்லவேணும்! நண்டு பைக்குள்ள ஏறி மடுவுக்குப் போச்சுது எண்டுறன், பேசாமல் நம்பிக்கொண்டு இருக்கிறீங்களே! உங்களுக்குச் சந்தேகமே வராதோ?"

வெளியே நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. "சரி அக்கா, உங்கட சொந்தக் கதை ஒண்டு சொல்லுங்கோ" என்று சுவேதினி கேட்டாள். யசிந்தாவுக்கு அதுவும் ஒரு கதைதானே. உப்பில் தொடங்கினாள், சாரத்துக்கு வந்தாள். அவளுடைய குரல் அந்த அறைக்குள் வேறு யாருடைய குரலோ போலச் சின்னதாகக் கேட்டது. "அண்டைக்குப் போனவர்தான். திரும்பி வரேல்லை."

நான் எழும்பி நின்று "புளுகு!" என்று கத்தினேன். கண்ணாடியில் அடித்தேன். மெசின் பார்க்கிற ஆள் பயந்துபோய் என் கையைப் பிடித்தார். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. சுவேதினி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "காணும் அக்கா. இதுக்கு மேல ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

யசிந்தா வெளியே வந்தபோது முகம் கறுத்துப் போயிருந்தது. "என்ர மனுசனைச் சாக்காட்டிப்போட்டன், றஹீமா. நாலு சுவருக்குள்ள வைச்சு, என்ர வாயால."

பிறகு ஒரு கதிரையில் இருந்துகொண்டு சுவேதினியிடம் திரும்பினாள். "அதை அழியுங்கோ."

"அக்கா, அதுதான் எல்லாத்திலயும் நல்லா வந்த பகுதி. இசையும் சேர்த்து அடுத்த கிழமை விடப்போறம். கேக்கிறவை எல்லாரும் அழுவினம்."

"ஆர் அழச் சொன்னது? நான் அழுதனானோ?"

"உண்மையைத்தானே அக்கா சொன்னீங்கள்..."

"உண்மையெண்டு ஆர் சொன்னது? நான் சொன்னது பாதிக் கதை. மற்றப் பாதி வாடியில கிடக்கு. வந்து எடுங்கோ. இல்லாட்டி அதை அழியுங்கோ. ரெண்டில ஒண்டு செய்யாமல் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

எழும்பவுமில்லை. நானும் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். சுவேதினி உள்ளே போய்த் தன் மேலாளரோடு கதைத்துவிட்டு வந்தாள். கரைக்கு வந்து ஒரு தரம் பதிவுசெய்து பார்க்கச் சம்மதித்தார்களாம். காற்றும் கூச்சலும் கெடுத்துவிட்டால், ஸ்ரூடியோவில் பதிந்ததுதான் போகும். பஸ்ரியன் செத்துப்போனவனாகத்தான் உலகமெல்லாம் சுற்றுவான். பஸ்ஸில் வரும்போது யசிந்தா வவுனியா வரைக்கும் சேலைக்கரையைப் பிய்த்துக்கொண்டே வந்தாள்.

சுவேதினி கரைக்கு வந்தாள். அன்றைக்கு என் ஊர்ச்சனம் செய்த வேலையை எங்கே போய்ச் சொல்ல! மைக் வருகிறது என்றதும் எல்லாரும் பூசைக்குக் கட்டுகிற சேலையில் வந்து இறங்கினார்கள், நண்டு கழற்ற. நிறஞ்சலா சென்ட் பூசியிருந்தாள். அவர்களைச் சொல்லி என்ன, நானும் பெருநாளைக்குத் தைத்த அபாயாவில்தான் இருந்தேன். என் மகன் வேறு காலையில் போன் எடுத்து, "உம்மா, உலகமே கேக்கப்போகுது. இண்டைக்கு மட்டும் வாயை அடக்கிக்கொண்டு இரு" என்று சொல்லியிருந்தான்.

காற்றுச் சத்தம் விழாமல் மைக்குக்கு மயிர்த்தொப்பி ஒன்று போட்டு எங்களுக்கு நடுவில் நட்டார்கள். யசிந்தா தொடங்கினாள். நண்டு பைக்குள் ஏறியது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கோயிலில் இருப்பது போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, மரியாதையாக, "ம்" கொட்டினார்கள். நண்டு நிறஞ்சலாவின் விரலைக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சத்தமில்லாமல் பொறுத்தாள், பாவி. நானும் கிடந்தேன் ஒரு மரக்கட்டையாக.

நண்டுக் கதை செத்துப்போனது. சுவேதினி நேரத்தைப் பார்த்தாள். யசிந்தா பஸ்ரியனுக்கு வந்தாள். உப்பு வந்தது, சாரம் வந்தது. குரலில் கோபம் ஏறிக்கொண்டே போனது. கோபம் எங்கள்மேல் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அந்த மைக்கைப் பார்த்தால் நாக்கு எழும்பவில்லை.

"அண்டைக்குப் போனவர்தான். திரும்பி வரேல்லை."

காற்று மட்டும் கேட்டது. யசிந்தா வலையைக் கீழே போட்டாள். நிமிர்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் கதைக்கு நடுவில் அவள் எங்களைப் பார்த்ததே இல்லை. கண் என்னிடம் வந்து நின்றது. மகனாவது மானமாவது!

"புளுகு!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டதென்றே நினைத்தேன். "பச்சைப் புளுகு! ஆருக்கடி பூச்சுத்துறாய்?"

"அதுதானே!" என்று நிறஞ்சலா எழும்பினாள். "அந்த ஆள் அங்காலை, இந்தியாவில ஒருத்தியைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார்!"

"இருக்கட்டும்! அந்தக் குறட்டையை அவளும் கொஞ்ச நாள் கேக்கட்டும்!" என்றாள் யசிந்தா.

"குறட்டையோ? அவர் குறட்டை விடுறதில்லை, புளுகு!" என்றாள் ஒருத்தி.

"அது உனக்கு எப்பிடியடி தெரியும்?"

வாடி வெடித்துவிட்டது. ஆளுக்கு ஆள் கத்தினார்கள், சிரித்தார்கள், பூசைச் சேலையில் நண்டுச் சேற்றைத் துடைத்தார்கள். பஸ்ரியனை இந்தியக் கரையில் மண்டபத்துக்கு அனுப்பினார்கள், கேரளாவுக்கு அனுப்பினார்கள், யாரோ ஒருத்தி மாலைதீவுக்கே அனுப்பிவைத்தாள். யசிந்தா ஒவ்வொருத்திக்கும் பதில் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. எனக்கும் அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று கத்திக்கொண்டே அழுதேன்.

சத்தம் கொஞ்சம் அடங்கியபோது சுவேதினி மைக்கை நிறுத்தாமலே யசிந்தாவின் பக்கத்தில் குந்தினாள். "அக்கா, உண்மையாச் சொல்லுங்கோ. அவர் வருவாரெண்டு நம்புறீங்களோ?"

அவளிடம் நாங்கள் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

யசிந்தா வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நம்புறனோ இல்லையோ, அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள கதை. அது உங்களுக்கு இல்லை, இவளவைக்கும் இல்லை. ஆனா பிள்ளை, என்ர மனுசன் செத்திட்டார் எண்ட சொல்லை என்ர வாயிலயிருந்து எடுத்துக்கொண்டு இந்தக் கரையை விட்டு ஒருத்தரும் போகேலாது. நேவியாலும் ஏலாது, சொந்தக்காரராலும் ஏலாது. நீங்கள் எம்மாத்திரம்?"

சுவேதினி மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்த்தினாள்.

"இதுவும் அதுக்குள்ள விழுந்ததோ?" என்று மைக்கைக் காட்டிக் கேட்டாள் யசிந்தா.

"ஓம் அக்கா. விழுந்திட்டுது."

"அப்ப இதைப் போடுங்கோ."