ஐந்து கையெழுத்து

பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். மதியம் உட்கார்ந்து சாப்பிட எங்களுக்கென்று ஓர் இடம் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, வாளிக்கும் துடைப்பத்துக்கும் நடுவில், மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். ஒரு நாள் மூன்றாம் மாடியில் சின்ன வகுப்பறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'தினமும் ஒன்று முதல் இரண்டு வரை, குழுக் கலந்துரையாடல்.' கீழே ஒரு மாணவியின் பதிவு எண். அந்த மாணவியே எங்களிடம் வந்தாள்.

"அந்த நேரத்துல அந்த ரூம் சும்மாதான்க்கா இருக்கும். போய் உக்காந்து சாப்பிடுங்க."

"கலந்துரையாடல்னு போட்டிருக்கேம்மா?"

"நீங்க என்ன, பேசாமலா சாப்பிடுறீங்க?"

அதன்பிறகு நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அறைக்காக மாதாமாதம் அவள் ஆபீசில் புதிதாக மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை, ஆபீஸ் கிளார்க் சொன்னார்.

அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. கூடப் படித்தவர்களெல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. படித்தது உலக அரசியலும் சமூகமும் என்ற முதுகலைப் படிப்பு. அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து வரும் சட்டையில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூலை வெட்ட வேண்டும். நின்ற காலோடு வேலை பார்த்து, தபாலில் பட்டம் வாங்கி, அதன்பிறகு இங்கே வந்தாள். அந்தப் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. யார் உடையில் நூல் தொங்கினாலும் கை தானாகப் போய்விடும். ஒரு முறை வகுப்பு நடக்கும்போதே பேராசிரியை அம்மாவின் சட்டைக் கையிலிருந்த நூலை எட்டி அறுத்துவிட்டாளாம். தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கேள்விக்காரி. மேஸ்திரி திட்டுவதற்காக வைத்த பெயர் அது. அவள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உலகம் என்றால் எனக்குப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படம், அவ்வளவுதான். "அதுல படிக்க என்னம்மா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கயோ ஒரு நாட்டுல, ஒரு கடையில, சட்டை விலையக் குறைக்கிறாங்கன்னு வைங்க. இங்க சட்டை தைக்கிற எங்க அண்ணிக்குச் சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிஷம் குறையுது."

"அது எப்படி?"

"அதத்தான்க்கா ரெண்டு வருஷமா படிக்கிறேன்."

காலையில் முதல் அறையைத் துடைக்கும்போது வீட்டில் உள்ளவர்களுக்காக வேண்டிக்கொள்வது என் வழக்கம். அன்றிலிருந்து அந்த வரிசையில் அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

கடைசி வருஷம் அவள் ஆய்வேடு எழுதினாள். அது தேறினால்தான் பட்டம். தன்னோடு வேலை பார்த்த பதினான்கு பெண்களைப் பார்த்துப் பேசி, அந்தப் பத்து நிமிஷம் எங்கே போனது என்று எழுதினாள். இப்படிப் பேசுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் 'சம்மதம்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது துறையின் விதி. அந்தப் பெண்கள் யாரும் போட மாட்டோம் என்றார்கள். காரணம் இருந்தது. தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்களாம். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று அச்சடித்த தாள். தேதி மட்டும் காலியாக இருக்கும். எதிர்த்துப் பேசினால் தேதியைப் போட்டுவிடுவார்கள். அதனால் அங்கே இருப்பவர்களுக்குத் தாளைக் கண்டாலே கை உள்ளே போய்விடும்.

இவளும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவள்தான். அதனால் வற்புறுத்தவில்லை. வாயால் சரி என்று சொன்னால் போதும் என்று போனில் பதிவு செய்தாள். பேச்சையெல்லாம் தட்டச்சு செய்து முடித்ததும், வாக்குக் கொடுத்தபடி, பதிவுகள் அத்தனையையும் அழித்துவிட்டாள். குரலை வைத்து யாரும் ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று நினைத்தாள். அழிக்கலாமா என்று துறையில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேள்விக்காரி கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

பேராசிரியை அம்மா அவளைக் கூப்பிட்டுப் பேசிய அன்று நான் அந்த அறையில் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலம்மா. ஒரே மூச்சுல படிச்சேன். ஆனா இந்தப் பதினாலு பேர் நிஜமாவே இருக்காங்களான்னு ஆய்வேட்டப் பாக்குற குழு கேட்டா, நான் எதக் காட்டுவேன்?"

"இருக்காங்க மேடம். இப்பகூட தச்சிட்டுதான் இருப்பாங்க."

"பதினாலு வேணாம். அஞ்சு கையெழுத்து கொண்டு வா. மூணு வாரம் வாங்கித் தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

வெளியே வந்து நடைபாதையில் என்னோடு நின்றாள். என் மேலங்கி ஓரத்தில் நூல் தொங்கியது. அவள் கவனிக்கவில்லை.

"அஞ்சுதானேம்மா?" என்றேன். "நாங்க அஞ்சு பேர் இருக்கோம். ஆளுக்கொண்ணு போட்டுக் குடுத்துடுறோம்."

என்னை அப்படியே பார்த்தாள். "பொழுது விடிஞ்சா சாமி கும்பிடுறவங்க பேசுற பேச்சாக்கா இது?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ பேனாவக் குடு."

வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வேணாம்க்கா. ஊசி ஏறினது அவங்க விரல்ல. நீங்க போட்டா அவங்க சொன்னதெல்லாம் கதையாப் போயிடும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பதினான்கு பேரில் ஒருவரான தன் அண்ணியிடம் கேட்கப் போனாள். அண்ணி போட்டால் இன்னும் நாலு பேராவது போடுவார்கள் என்று நம்பினாள். துணைக்கு என்னையும் அழைத்தாள். இரண்டு அறை வீடு. கட்டில்மேல் துணியை விரித்து அண்ணி சீருடை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க எம்.ஏ. மேடம். உலகமெல்லாம் சௌக்கியமா?"

"உலகம் உங்க கையிலதான் அண்ணி மாட்டிட்டிருக்கு" என்று படிவத்தை நீட்டினாள்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று இருந்தது.

"இதே வார்த்தைதான் அங்கயும் இருந்துச்சு."

"இது வேற அண்ணி. இது துறையில பூட்டி வச்சிருப்பாங்க."

"அவங்களும் பூட்டிதான் வச்சிருக்காங்க." படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "உன் அண்ணனுக்கு ஆறு மாசமா வேலை இல்ல. ரெண்டு பொண்ணு படிக்குது. உனக்காக உயிரக் கேளு, குடுத்துடுறேன். கையெழுத்துக் கேக்காத."

அவள் மறுபடி கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. இன்னும் ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் அண்ணி போட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும். அதனால்தான் படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, சீருடையை வாங்கி மீதியை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மற்றவர்களிடம் போகவே இல்லை. மூன்று வாரமும் முடிந்தது. நான் தினமும் வேண்டினேன். கடவுள் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். என்ன பதில் சொன்னார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆய்வேட்டைக் குழு ஏற்கவில்லை. பட்டத்துக்குப் பதிலாக, வகுப்புகளுக்கு வந்திருந்தார் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அந்தத் தொழிற்சாலையே இல்லை. இன்னும் மலிவாகத் தைக்கும் வேறொரு நாட்டுக்கு ஆர்டர் போய்விட்டது. பெண்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், அண்ணியும் எங்கேயென்று தெரியவில்லை. இனி இதனால் யார் வேலையும் போகாது. அதனால்தான் இதை இப்போது எழுதலாம் என்று எழுதுகிறேன்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது, நூலகத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க அவள் வந்த அன்று. ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். பஸ் வந்தது. ஏறி, படியிலேயே நின்று திரும்பினாள்.

"அக்கா, அண்ணிகிட்டயும் மத்தவங்ககிட்டயும் நான் பாஸ் பண்ணிட்டேன்னு சொல்லியிருக்கேன். எங்கயாவது பாத்தா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."